ஆனிச் சாரல் முதல் ஐப்பசி மழை வரை வெளியிலேயே நிற்கப்போகும் கார்

கேள்வி: செங்கோட்டை பக்கம் புளியரையில் எங்கள் வீடு. மகள் பிரசவத்துக்காக மே கடைசியில் துபாய் போகிறோம். திரும்ப அக்டோபர் கடைசி ஆகிவிடும். 2018 மாடல் பெட்ரோல் கார், சின்ன வண்டி, மேனுவல் கியர். ஷெட் கிடையாது. வீட்டுப் பக்கவாட்டில் தென்னை மரங்களுக்கு நடுவே மண் தரையில்தான் நிற்கும். பிளாஸ்டிக் தார்ப்பாயை மூடி இறுகக் கட்டிவிட்டு, வாரம் ஒருமுறை ஐந்து நிமிஷம் ஸ்டார்ட் செய்து நிறுத்தும்படி பக்கத்து வீட்டுப் பையனிடம் சொல்லலாம் என்று இருக்கிறோம். சரிதானா?

பதில்: இரண்டுமே வேண்டாம். இறுகக் கட்டிய தார்ப்பாயும் வாராவாரம் ஐந்து நிமிஷ ஸ்டார்ட்டும், வண்டியைச் சும்மா விட்டுப் போவதைவிட அதிகம் கெடுத்துவிடும். இரண்டுமே ஈரத்தை உள்ளே அடைத்துவைக்கும் வேலைகள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் காற்றும் சாரலும் உங்கள் ஊரை விடாது. அது ஓய்ந்து கொஞ்சம் வெயில் கண்டால் ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொள்ளும். திறந்த இடத்தில் நிற்கும் காரில் இந்த ஐந்து மாதமும் ஈரமே படாமல் பார்த்துக்கொள்ள யாராலும் முடியாது. பட்ட ஈரம் வடியவும் காயவும் வழி இருக்கிறதா என்பதில்தான் கவனம் வேண்டும்.

முதலில் அந்த ஐந்து நிமிஷ ஸ்டார்ட். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகப் புகையோடு வெளியே வருகிறது. வண்டி ஓடும்போது சைலன்சர் நன்றாகச் சூடாகிவிடுவதால் அந்த ஆவி அப்படியே போய்விடும். நின்ற இடத்தில் ஐந்து நிமிஷம் ஓடினால் சைலன்சர் பாதிதான் சூடாகும். ஆவி உள்ளேயே தண்ணீராகித் தேங்கி, பெட்டி உள்ளிருந்து துருப்பிடிக்கும். கொஞ்சம் ஈரமும் எரியாத பெட்ரோலும் பிஸ்டன் ரிங்கைத் தாண்டி எஞ்சின் ஆயிலிலும் கலக்கும். ஸ்டார்ட்டர் இழுத்த கரண்டைத் திரும்ப பேட்டரியில் ஏற்ற அந்த ஐந்து நிமிஷம் போதவும் போதாது. உரிமம் உள்ள, ஓட்டிப் பழகிய ஆள் இருந்தால் மூன்று வாரத்துக்கு ஒருமுறை மழை விட்ட நாளில் தென்காசி வரை ஒரு நடை போய்வரட்டும். அப்படி ஆள் இல்லையென்றால் வண்டியை யாரும் ஸ்டார்ட் செய்யாமல் இருப்பதே நல்லது. கீழே சொல்வதெல்லாம் இந்த இரண்டாவது வழிக்கு.

நிறுத்தும் இடத்தை மாற்றுங்கள். தென்னைக்கு அடியில் கார் நிற்கக் கூடாது. தேங்காய் விழுந்தால் கூரை நசுங்கும், கண்ணாடி போகும். காய்ந்த மட்டை விழுந்தாலும் பானட் தப்பாது. உங்கள் ஊரில் ஆடிக் காற்று மேற்கிலிருந்து அடிப்பதால் மட்டையும் காயும் மரத்தின் கிழக்குப் பக்கம் தள்ளி விழும். வேறு இடமே இல்லையென்றால் மரத்துக்கு மேற்கே, மட்டை நீளத்துக்கும் கூடுதலாகத் தள்ளி நிறுத்துங்கள். கிளம்புவதற்கு முன் ஆளை ஏற்றிக் காயும் காய்ந்த மட்டையும் வெட்டி இறக்கிவிடுங்கள். வெறும் மண்ணிலும் புல்லிலும் நிறுத்தாதீர்கள். நனைந்த மண்ணிலிருந்து ஏறும் ஈரம் நாள் முழுக்க வண்டியின் அடிப்பாகத்தில் பட்டுக்கொண்டே இருக்கும். சிமென்ட் தளம் இல்லையென்றால் நான்கு சக்கரத்துக்கும் ஆளுக்கொரு பட்டியக்கல் போடுங்கள். அடியில் கெட்டியான கருங்கல் ஜல்லி பரப்பினால் தண்ணீர் தேங்காது.

தார்ப்பாய் விஷயத்துக்கு வருவோம். பிளாஸ்டிக் தார்ப்பாய் பெயின்ட்டோடு ஒட்டிக் கிடந்தால் அடியில் வியர்க்கும். வெயில் பட்டதும் அந்த ஈரம் சூடாகி, பெயின்ட்டில் வெள்ளைத் திட்டும் கொப்புளமும் வரும். கணவாய்க் காற்றில் அது படபடவென்று அடித்துக்கொள்ளும்போது இடையில் சிக்கிய மணல் உப்புத்தாள் தேய்த்தது போல வண்டியைக் கீறிவிடும். கையில் கொஞ்சம் பணம் இருந்தால் நான்கு இரும்புத் தூண் நட்டு, மேற்குப் பக்கம் தாழ்வாகச் சாய்த்துத் தகரக் கூரை போடுவதுதான் எல்லாவற்றிலும் சிறந்தது. பக்கவாட்டு நான்கும் திறந்தே இருக்கட்டும். அது முடியாவிட்டால் உள்பக்கம் மெத்தென்று பருத்தித் துணி வைத்த, காற்று போய்வரும் பல அடுக்குக் கார் கவர் வாங்குங்கள். வயிற்றுக்கு அடியில் கட்டும் பெல்ட் இருக்க வேண்டும். கழுவி, முழுக்கக் காய்ந்து, வேக்ஸ் பூசிய வண்டிமேல்தான் கவரைப் போடலாம். அழுக்கு வண்டிக்குக் கவர் போடுவதைவிடப் போடாமல் விடுவதே மேல்.

பலரும் பார்க்காமல் விடுகிற இடம் ஒன்று உண்டு. முன் கண்ணாடிக்குக் கீழே, வைப்பருக்கு அடியில் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் சல்லடைப் பலகை இருக்கும். கண்ணாடியில் விழும் மழையெல்லாம் அந்தப் பள்ளத்துக்குள் இறங்கி, இரண்டு ஓரத்துத் துளைகள் வழியாக முன் சக்கரத்துக்குப் பின்னால் வடிய வேண்டும். ஏசி வெளிக்காற்றை இழுக்கும் வாயும் அந்தப் பள்ளத்தில்தான் இருக்கிறது. வேப்பிலை, தென்னம்பாளைச் செதில், மாம்பூ எல்லாம் சேர்ந்து மட்கித் துளையை அடைத்துவிட்டால் தண்ணீர் மட்டம் ஏறி, அந்த வாய் வழியாக ஏசி புளோயருக்குள் புகுந்து காலடிக் கார்பெட்டில் வந்து நிற்கும். வெளியே ஒரு அடையாளமும் தெரியாது. திரும்பி வந்து கதவைத் திறக்கும்போது கார்பெட்டுக்கு அடியில் உள்ள பஞ்சு ஊறி நாறும், அதன் வழியாகப் போகும் ஒயர் கனெக்டர்கள் பச்சை பூத்திருக்கும். கிளம்புவதற்கு முன் குப்பையை விரலால் தோண்டி எடுத்துவிட்டு ஒரு செம்புத் தண்ணீரை அங்கே ஊற்றிப் பாருங்கள். இரண்டு பக்கமும் சக்கரத்துக்குப் பின்னால் தாராளமாகக் கொட்ட வேண்டும். ஒரு பக்கம் கொட்டாவிட்டால் மெக்கானிக்கிடம் காட்டி அடைப்பை எடுத்த பிறகே பயணம்.

இதே சோதனையைக் கதவுகளுக்கும் செய்யுங்கள். ஒவ்வொரு கதவின் அடி விளிம்பிலும் சின்ன வடிகால் துளைகள் உண்டு. மண் அடைத்திருந்தால் ஈர்க்குச்சியால் குத்தி எடுங்கள். டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கி அந்தப் பள்ளத்தில் ஈரம் இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் பின் விளக்கின் ரப்பரோ டிக்கி பீடிங்கோ ஒழுகுகிறது என்று அர்த்தம்.

உள்ளே பூஞ்சை பிடிப்பதற்குக் காற்றிலுள்ள ஈரமும், சீட்டிலும் ஸ்டீயரிங்கிலும் படிந்திருக்கும் வியர்வை, உணவுத் துகள்களும் போதும். வேக்குவம் போட்டு, சோப்புத் தண்ணீரில் பிழிந்த துணியால் ஸ்டீயரிங், கியர் லிவர், கதவுக் கைப்பிடிகளைத் துடையுங்கள். பிறகு நல்ல வெயிலில் ஒரு பகல் முழுக்க நான்கு கதவையும் திறந்து காய விடுங்கள். மிதியடிகளைக் கழற்றி வீட்டுக்குள் வைத்துவிடுங்கள். ஏசியை உள்காற்றுச் சுழற்சியில் வைத்து நிறுத்தினால் வெளிவாய் மூடிக்கொள்ளும். ஈரம் உறிஞ்ச அரைக் கிலோ சிலிக்கா ஜெல்லைத் துணிப்பைகளில் கட்டி முன்னும் பின்னும் வைக்கலாம். சாரல் காலத்தில் அது சில வாரங்களிலேயே நிறைந்துவிடும். அதனால் மாற்றி வைக்க இரண்டாவது செட் ஒன்றைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவையுங்கள். டப்பாவில் தண்ணீராகச் சேரும் ரகம் வேண்டாம், கவிழ்ந்தால் அந்த உப்புத் தண்ணீர் கார்பெட்டையும் சீட்டுக் கம்பியையும் தின்றுவிடும். சுட்ட சுண்ணாம்புக் கல் வைக்கிற பழக்கமும் கண்டிப்பாக வேண்டாம். ஒழுகும் தண்ணீர் பட்டால் அது கொதித்துச் சூடேறும்.

அடுத்தது எலி. மழைக்காலத்தில் நிற்கும் காருக்கு மிகப் பெரிய செலவு வைப்பது இதுதான். வளைக்குள் தண்ணீர் புகுந்ததும் வயல் எலியும் பெருச்சாளியும் உலர்ந்த இடம் தேடி ஏறும். பானட்டுக்கு அடியில் இருக்கும் பஞ்சுப் பலகை அவற்றுக்கு மெத்தை, ஏர் ஃபில்டர் பெட்டி பிரசவ அறை. கடித்துப் போட்ட ஒயரைக் கண்டுபிடிக்கவே மெக்கானிக்குக்கு ஒரு நாள் ஆகும். வைக்கோல் போர், விறகு அடுக்கு, தேங்காய் குவித்த இடம் இவற்றை ஒட்டி நிறுத்தாதீர்கள். பிரசாதப் பொட்டலம், பிஸ்கட், பழைய துணி எதுவும் உள்ளே இருக்கக் கூடாது. கால் அங்குலக் கண் உள்ள இரும்பு வலையை வெட்டி, ஏர் ஃபில்டருக்குக் காற்று போகும் குழாயின் வாயிலும் சைலன்சர் நுனியிலும் கம்பியால் கட்டிவிடுங்கள். துணியைத் திணித்தால் அது ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும், வலையென்றால் காற்றாட விடும். வலை கட்டியதை மறக்காமலிருக்க ஸ்டீயரிங்கில் ஒரு சிவப்புத் துணியை முடிந்துவையுங்கள். புகையிலையும் நாப்தலீன் உருண்டையும் திறந்த காற்றில் வாசனை போய் வீணாகிவிடும். விஷ மருந்தைக் காருக்குள் வைக்கவே வேண்டாம், செத்த எலி ஏசி குழாய்க்குள் கிடந்தால் டாஷ்போர்டையே கழற்ற வேண்டிவரும். சக்கரங்களுக்குப் பக்கத்தில் இரண்டு எலிப்பொறி வைத்து, தேங்காய்ச் சில்லைச் சுட்டு மாட்டச் சொல்லுங்கள்.

பேட்டரியில் கணக்கு எளிது. பூட்டி நிற்கும் காரிலும் அலாரம், கம்ப்யூட்டர், கடிகாரத்துக்காக 20 முதல் 50 மில்லி ஆம்பியர் வரை கரண்ட் ஓடும். 50 என்று வைத்துக்கொண்டால் நாளொன்றுக்கு 1.2 ஆம்பியர் அவர். 35 ஆம்பியர் அவர் பேட்டரி ஒரு மாதத்தில் காலி. காலியாகவே கிடந்தால் உள்ளே சல்பேட் படிந்து பேட்டரி மீளாது. அதனால் 10 எம்.எம். ஸ்பேனரால் நெகடிவ் முனையைக் கழற்றித் துணி சுற்றி ஓரமாக ஒதுக்குங்கள். முழுச் சார்ஜில் ஓய்ந்திருக்கும் பேட்டரி 12.6 வோல்ட்டுக்கு மேல் காட்ட வேண்டும், 12.4-க்கு இறங்கினால் சார்ஜ் ஏற்ற வேண்டும். பேட்டரியை மொத்தமாக எடுத்து, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பேட்டரி கடையில் சார்ஜ் போடச் சொன்னால் இன்னும் நல்லது. ஒரு எச்சரிக்கை: முனையைக் கழற்றியதும் சென்ட்ரல் லாக் வேலை செய்யாது. கண்ணாடிகளை ஏற்றி, டிக்கியையும் மற்ற மூன்று கதவுகளையும் முதலில் பூட்டிவிட்டுப் பிறகு கழற்றுங்கள். டிரைவர் கதவைக் கடைசியில் சாவி போட்டுப் பூட்டுங்கள். அந்தச் சாவித் துளை துருப்பிடித்து இறுகியிருக்கிறதா என்று இப்போதே திருப்பிப் பாருங்கள்.

பெட்ரோல் டேங்க் நிறைந்திருக்கட்டும். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். அளவுக்கு மீறி ஈரம் சேர்ந்தால் எத்தனாலும் தண்ணீரும் பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் தங்கும், பம்ப் முதலில் உறிஞ்சுவது அதைத்தான். டேங்கில் காற்றுக்கு இடம் குறைந்தால் ஈரத்துக்கும் இடம் குறையும். வியாபாரம் அதிகமுள்ள பங்கில், பெட்ரோல் ஊற்றும் துப்பாக்கி தானாக நிற்கும் முதல் தடவையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வாய் வரை ஊற்றினால் பெட்ரோல் ஆவி பிடிக்கும் கரிப் பெட்டிக்குள் போய் அது கெடும். பெட்ரோல் கெடாமல் காக்கும் திரவம் சேர்ப்பதானால் டப்பாவில் சொன்ன அளவில் முதலில் ஊற்றி, மேலே பெட்ரோல் போட்டு, 20 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு நிறுத்துங்கள்.

எஞ்சின் ஆயில் மாற்றி ஆறு மாதம் தாண்டியிருந்தால் போகுமுன் மாற்றுங்கள். பழைய ஆயிலில் சேர்ந்த அமிலம் பேரிங்கில் ஊறிக்கொண்டே இருக்கும். ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் இருந்தால் கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி மாற்றுங்கள். இங்கே உறையும் குளிர் இல்லை, ஆனால் துரு உண்டு.

டயரில் வழக்கமாக 33 பி.எஸ்.ஐ. வைப்பவர் 38 வைக்கலாம், டயர் ஓரத்தில் அச்சிட்ட உச்ச அளவைத் தாண்டக் கூடாது. ஹேண்ட் பிரேக் போடவே போடாதீர்கள். உங்கள் வண்டியின் பின் சக்கரத்தில் அநேகமாக டிரம் பிரேக்தான் இருக்கும். நனைந்த லைனிங் டிரம்மோடு ஒட்டித் துருப்பிடித்தால் சக்கரம் சுற்றாது. முதல் கியரில் விட்டு, இரண்டு சக்கரத்துக்கு முன்னும் பின்னும் மரக்கட்டை முட்டுக் கொடுங்கள். கழுவிய ஈரத்தோடு நிறுத்தாமல், பத்து கிலோமீட்டர் ஓட்டிப் பிரேக் சூட்டில் காய்ந்த பிறகே கொண்டுவந்து நிறுத்துங்கள். வைப்பர் ரப்பரைக் கழற்றி வீட்டில் வைத்து, கம்பி நுனியில் துணி சுற்றிவிடுங்கள். கம்பியைத் தூக்கி நிறுத்தினால் காற்றில் மடங்கிக் கண்ணாடியில் அறையும்.

இன்ஷூரன்ஸ் இந்த ஐந்து மாதத்துக்குள் முடிகிறதா பாருங்கள். வண்டி ஓடாவிட்டாலும், மரம் விழுந்தாலோ வெள்ளம் புகுந்தாலோ அதுதான் கைகொடுக்கும். முடிந்து 90 நாளுக்குள் புதுப்பிக்காவிட்டால் சேர்த்த நோ கிளெய்ம் போனஸும் போகும். பக்கத்து வீட்டுப் பையனுக்கு உண்மையிலேயே பயன்படும் வேலை: பதினைந்து நாளுக்கு ஒருமுறை, மழை விட்ட நேரத்தில் கவரை முன்பக்கம் தூக்கி இலை குப்பையை எடுப்பது, எலிப்பொறி பார்ப்பது, சிலிக்கா பையை மாற்றுவது. வெயில் கண்ட நாளில் கவரை முழுக்க எடுத்து ஒரு மணி நேரம் காய விட்டால் இன்னும் நல்லது.

திரும்பியதும் நேராகச் சாவியைப் போடாதீர்கள். எலி இருந்த இடத்துக்குப் பாம்பு வரும். பானட்டைக் கம்பால் தட்டி, கொஞ்சம் பொறுத்துத் திறந்து, டார்ச் அடித்துப் பாருங்கள். ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து பாருங்கள், வலைகளைக் கழற்றுங்கள். ஆயில் குச்சியில் பால் நிறம் தெரிந்தால் ஸ்டார்ட் செய்யாமல் மெக்கானிக்கை அழையுங்கள். உள்ளே பூஞ்சை இருந்தால் மாஸ்க் போட்டுக்கொண்டு ஈரத் துணியால் துடையுங்கள், உலர் துணியால் தட்டினால் அது காற்றில் பறந்து எல்லா இடத்திலும் படியும். ஸ்டார்ட் செய்து கிளட்ச்சை மிதித்தும் கியர் விழாமல் கரகரத்தால் கிளட்ச் பிளேட் துருவில் ஒட்டியிருக்கிறது, அழுத்திப் போடாமல் மெக்கானிக்கிடம் விடுங்கள். டிஸ்க்கில் செந்துரு படிந்திருப்பதைக் கண்டு பயப்பட வேண்டாம். காலியான சாலையில் 30 கிலோமீட்டர் வேகத்தில் ஏழெட்டு முறை மெதுவாகப் பிரேக் பிடித்தால் தேய்ந்துபோகும். அதன் பிறகும் மிதி அதிர்ந்தாலோ வண்டி ஒரு பக்கம் இழுத்தாலோ கொல்லம் சாலைக் கொண்டை ஊசி வளைவுகளுக்கு எடுத்துப் போகாமல் பிரேக்கைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.