நாட்டுக்கு நார்மல் மழைன்னு சொல்றாங்க, என் மக்காச்சோளம் ஏன் வாடுச்சு?

கேள்வி: சார், போன மாசம் நாடு முழுக்க மழை சராசரிய விட 4 சதவீதம் அதிகம், வெப்பம் 0.6 டிகிரி கூடுதல்னு மாசாந்திர ரிப்போர்ட்ல போட்டிருக்காங்க. என் காட்டு மழைமானில மொத்தம் 88 மில்லிமீட்டர், அதுல 71 ரெண்டே நாள்ல கொட்டுச்சு, அப்புறம் 17 நாள் ஒரு சொட்டு இல்ல. மணல் பாங்கான மண்ணு. கொண்டைப்பூ (உச்சியில வர்ற ஆண்பூ) எடுக்குற நேரத்துல பயிர் சுருண்டு போச்சு. ரிப்போர்ட் தப்பா? அடுத்த விதைப்புக்கு அந்த சராசரிய நம்பலாமா? இருக்குற பயிர என்ன பண்றது?

பதில்: வணக்கம் அண்ணே, மொதல்ல பயிர பாத்துருவோம். கதிர் நுனியில பட்டு மாதிரி நூல் விட்டு நாலஞ்சு நாள் ஆனதும் காட்டுல அங்கங்க ஒரு பதினஞ்சு கதிர் ஒடிச்சு, மேல் மட்டைய நூல் அறுபடாம உரிச்சு, லேசா ஆட்டிப் பாருங்க. நூல் கழண்டு விழுந்தா அந்த இடத்துல மணி பிடிச்சிருச்சு, ஒட்டிக்கிட்டே நின்னா மகரந்தம் சேரலன்னு அர்த்தம். பாதிக்கு மேல பிடிச்சிருந்தா தண்ணி கொடுத்து காப்பாத்துங்க, விட்றாதீங்க. பிடிக்கலன்னா இனி எவ்வளவு தண்ணி விட்டாலும் மணி வராது, மாட்டுத் தீவனத்துக்கு அறுத்துரலாம், ஆனா ஒண்ணு, வாடுன மக்காச்சோளத்துல நைட்ரேட்னு மாட்டுக்கு விஷமாகுற உப்பு சேந்து கெடக்கும், அடித்தண்டுல தான் ஜாஸ்தி, மழை பேஞ்ச உடனே இன்னும் ஏறும். அதனால மழை பேஞ்சா ஒரு வாரம் விட்டு, தரையில இருந்து ஒரு அடி உயரத்துல அறுங்க, பச்சையா போடாம சைலேஜ் (காத்து போகாம அமுக்கி புளிக்க வச்ச தீவனம்) ஆக்கி ஒரு மாசம் மூடி வைங்க, நைட்ரேட் நல்லாவே குறையும். சினை மாட்டுக்குப் போடுறதுக்கு முன்னாடி கண்டிப்பா லேப்ல டெஸ்ட் பண்ணிருங்க.

இப்ப ரிப்போர்ட். அது தப்பு இல்ல, உங்க காடு வாடுனதும் பொய் இல்ல, ரெண்டும் வேற வேற கணக்கு. நாட்டுக்கு ஒரே நம்பர் சொல்றப்ப ஒரு மூலையில வெள்ளம் போனதும் இன்னொரு மூலையில காஞ்சதும் ஒண்ணா கூட்டி வகுபட்டுரும். வெப்பமாவது நூத்துக்கணக்கான கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஒரே மாதிரி கூடும் குறையும், மழை அப்படி இல்ல, வரப்புக்கு இந்தப் பக்கம் பேஞ்சு அந்தப் பக்கம் பேயாது.

அதை விட பெரிய விஷயம் நாள் கணக்கு, மாசாந்திர ரிப்போர்ட்ல இது சுத்தமா தெரியாது. உங்க மண்ணு ஒரு மீட்டர் ஆழத்துக்கு பயிர் எடுக்கக்கூடிய தண்ணி சுமாரா 100 மில்லிமீட்டர் பிடிக்கும்னு வைங்க, வேர் அரை மீட்டர்ல இருந்தா 50, அதுல பாதிய தான் பயிர் சிரமம் இல்லாம உறிஞ்சும், அதாவது 25. பூக்குற நேரத்துல மக்காச்சோளம் ஒரு நாளைக்கு 6 மில்லிமீட்டர் குடிக்கும், ஆக நாலே நாள்ல இருப்பு காலி, மிச்சம் 13 நாள் பட்டினி. 71 கொட்டுனதுல மண்ணு தாங்காதது ஓடியும் கீழ இறங்கியும் போயிருச்சு. அதுலயும் பூக்குறதுக்கு முன்னாடி பின்னாடி ரெண்டு வாரம் தான் இந்தப் பயிருக்கு உயிர் போற நேரம், தண்ணி கொறஞ்சா நூல் லேட்டா வரும், அதுக்குள்ள மகரந்தம் கொட்டி முடிஞ்சிரும். 0.6 டிகிரிங்கிறதும் பகலும் ராத்திரியும் சேத்த சராசரி, அது ராத்திரி சூடுல இருந்து வந்ததா, உங்களுக்கு 35 தாண்டுன நாளு எத்தனைன்னு அந்த நம்பர் சொல்லாது.

சராசரின்னா என்னன்னும் தெரிஞ்சுக்கங்க. உலக வானிலை அமைப்போட முறைப்படி 30 வருஷத்து கணக்கு அது, இப்ப ஓடுறது 1991-2020. 2015-ல தான் பத்து வருஷத்துக்கு ஒரு தடவ புதுப்பிக்கணும்னு முடிவு பண்ணாங்க, பருவநிலை மாற்றத்த அளக்க மட்டும் 1961-1990 அப்படியே இருக்கு. ஒரே மாசத்துக்கு ரெண்டு ரிப்போர்ட் வேற வேற கூடுதல் சொன்னா மொதல்ல எந்த வருஷத்தோட ஒப்பிட்டாங்கன்னு பாருங்க, பழச வச்சா பொதுவா சூடு ஜாஸ்தியா தெரியும். மழையில இன்னொரு சிக்கல், நாலஞ்சு வருஷம் பேய்மழை பேஞ்சா சராசரி தூக்கிரும், அதனால மழை கம்மியான இடத்துல பாதிக்கு மேல வருஷங்கள் "நார்மலுக்கு" கீழ தான் இருக்கும். ஆஸ்திரேலியாவுல இதுக்காகவே எல்லா வருஷத்தையும் வரிசை போட்டு பத்து பங்கா பிரிச்சு, இந்த மாசம் எத்தனாவது பங்குல விழுதுன்னு சொல்றாங்க, எனக்கு அந்த முறை ரொம்ப பிடிக்கும், விவசாயிக்கு அது தான் பேசுது.

நீங்களும் செய்யலாம். பக்கத்து மழைமானி நிலையத்துல 30 வருஷத்து அந்த மாச மழைய வாங்கி, கம்மியில இருந்து ஜாஸ்திக்கு எழுதுங்க, கீழ இருந்து 7வது நம்பர் எதுவோ அது தான் உங்க நம்பிக்கையான மழை, 30-ல 24 வருஷம் குறைஞ்சது அவ்வளவாவது பேஞ்சிருக்கு. கூடவே தினசரி கணக்கு கெடைச்சா மழை இல்லாத நீளமான இடைவெளி எந்த வாரத்துல அடிக்கடி வருதுன்னு குறிச்சுக்கங்க, பூ அந்த வாரத்துல விழாத மாதிரி விதைப்ப தள்ளுங்க, முடியலன்னா வயசு கம்மியான ரகம் போடுங்க. அப்பவும் ஒரு உயிர்த்தண்ணி, அதாவது பயிர் வாடுறப்ப காப்பாத்த ஒரு தடவ பாய்ச்சுற தண்ணி, கைல இருக்கணும் அண்ணே, ஒரு ஏக்கருக்கு 25 மில்லிமீட்டர்னா ஒரு லட்சம் லிட்டர், குட்டை வெட்டுறப்ப ஆவியாப் போறதுக்கும் சேத்து அளவு எடுங்க.