சிறுதானிய முறுக்கும் சல்லடையும்: கேள்வி-பதில்

கம்பு மாவு அரைத்துப் பத்து நாளில் கசக்கிறது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?

இல்லை. கம்பில் கொழுப்பு கொஞ்சம் அதிகம், அரைத்துவிட்டால் சீக்கிரம் காறிப்போகும். வறுத்து, ஒரு வாரத்துக்கு வேண்டிய அளவு மட்டும் அரையுங்கள். மாவைச் சலிக்காதீர்கள், நார்ச்சத்து போய்விடும்.

ராகி முறுக்கு சரியாக வரவில்லை. என்ன செய்யலாம்?

என்ன சரியில்லை? உடைகிறதா, எண்ணெய் குடிக்கிறதா, கல்லாகிறதா? அளவும் எழுதவில்லை. உடைகிறது என்றே வைத்துக்கொள்கிறேன். கேழ்வரகில் மாவைப் பிடித்து நிறுத்தும் குளூட்டன் என்ற புரதம் கிடையாது, பிடிப்புக்கு நாலு பங்கு மாவுக்கு ஒரு பங்கு வறுத்தரைத்த உளுந்து மாவு சேர்த்து வெந்நீரில் பிசையுங்கள்.

மகளிர் குழுவில் கிலோ அரிசி மாவுக்கு 200 கிராம் சாமை மாவு சேர்த்து முறுக்கு போடுகிறோம். பாக்கெட்டில் 'நார்ச்சத்து மிகுந்தது' என்று அச்சடிக்கலாமா?

கூடாது. இந்தக் கேள்வி மாதம் தவறாமல் வருகிறது. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் (FSSAI) 2018 விதிப்படி 100 கிராம் தின்பண்டத்தில் 6 கிராம் நார்ச்சத்து இருந்தால்தான் 'மிகுந்தது' என்று போடலாம், 3 கிராம் இருந்தால் 'உள்ளது' என்று போடலாம். உங்கள் கணக்கைப் பாருங்கள்: அரிசி மாவில் 100 கிராமுக்கு 3 கிராம், சாமையில் 6 சொச்சம், அதுவும் தவிடு போகாத நல்ல சாமையாக இருந்தால். பொரித்த முறுக்கின் எடையில் கால் பங்குக்கு மேல் எண்ணெய், அதில் நார் ஏது? கடைசியில் 3 கிராம் தேறுவதே கஷ்டம். 2023 சிறுதானிய ஆண்டு என்று கொண்டாடியதிலிருந்து கடையில் வெள்ளை வெளேரென்று சாமையும் தினையும் குவிகின்றன. தவிடு இருந்தால் வண்டு வரும், காறும் என்று ஆலையில் நன்றாகத் தீட்டிவிடுகிறார்கள், நாமும் பார்க்க அழகாக இருக்கிறதென்று வாங்கி, வீட்டில் மிச்சத்தையும் சலித்துக் கொட்டிவிட்டு, பாக்கெட்டில் 'நார்ச்சத்து' என்று எழுதக் கிளம்புகிறோம்! பழுப்பாக இருப்பதைக் கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் கேழ்வரகுக்கு மாறுங்கள், தோலோடு அரைபடுவதால் 100 கிராமுக்கு 11 கிராம் வரை இருக்கும். சலிக்காத மாவு அச்சில் அடைக்கும்தான், கண் பெரிதான அச்சைப் போடுங்கள். பொரிக்காமல் அடுப்பில் சுட்டெடுத்தால் எண்ணெயும் குறையும். அப்புறம் ஆய்வகத்தில் சோதித்துவிட்டு அச்சடியுங்கள்.

ஆளி விதையை உருண்டையில் முழுதாகப் போடலாமா?

முழுதாகப் போட்டால் பெரும்பாலும் முழுதாகவே வெளியே வரும். வறுத்து, ஒன்றிரண்டாகப் பொடித்துப் போடுங்கள்.

எள்ளும் ஆளியும் சேர்ந்த உருண்டை தினம் நாலு தின்கிறேன். வயிறு உப்புகிறதே?

ஒன்றில் தொடங்குங்கள். தண்ணீர் நிறையக் குடியுங்கள்.

பொரித்தால் நார்ச்சத்து அழிந்துவிடுமா?

அழியாது. சலித்தால்தான் போகும்.