வாசகர் கேள்வி பதில்: ஞாயிறு பள்ளியில் பிள்ளைகள் ஏன் குறைகிறார்கள்?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பல ஞாயிறு பள்ளியைப் பற்றியே இருந்ததால், அவற்றில் ஆறை மட்டும் எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன். சிங்கப்பூர்த் தமிழ்ச் சபைகளில் முப்பது ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்கு வகுப்பெடுத்து வருபவள் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி இல்லை.

கேள்வி: எங்கள் தமிழ்ச் சபையில் நாற்பது குடும்பங்கள் இருக்கின்றன. ஞாயிறு பள்ளிக்கு வருபவர்களோ ஒன்பது பிள்ளைகள்தான். பொம்மலாட்டப் பொருள்கள், பெரிய திரை, புதிய பாடநூல்கள் ஆகியவற்றுக்குச் செலவு செய்யச் சபைக் குழு ஆயத்தமாக இருக்கிறது. எதை முதலில் வாங்கலாம், அம்மா?
சபைச் செயலாளர் ஒருவர், ஈசூன்

பதில்: ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள், ஐயா. மற்றவை காத்திருக்கட்டும். அந்த நாற்பது குடும்பங்களிலும் உள்ள ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும், பிறந்த நாளையும், படிக்கும் வகுப்பையும், வீட்டில் பேசும் மொழியையும், ஞாயிற்றுக்கிழமை யார் அழைத்து வருகிறார்கள் என்பதையும் அதில் எழுதுங்கள். எங்கள் சபையில் இதைச் செய்தபோது, வராத பிள்ளைகளில் சிலர் மூன்று வயதுக் குழந்தைகள் என்பதும், அவர்களையும் வகுப்பில் சேர்த்துக்கொள்வோம் என்று தாய்மார்களுக்கு யாரும் சொன்னதே இல்லை என்பதும் தெரியவந்தன. சிலருக்கு அதே நேரத்தில் துணைப்பாட வகுப்பு இருந்தது. மற்றவர்கள் ஏன் வரவில்லை என்று எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. யாரும் கேட்கவில்லை என்பதுதான் காரணம்.

அந்தக் கேட்காதவர்களில் நானும் ஒருத்தி. ஒரு சிறுமியின் பெயருக்கு நேரே பதினொரு வாரம் ‘வரவில்லை’ என்று குறித்துக்கொண்டே வந்தேன். பன்னிரண்டாவது வாரம் அவளுடைய பக்கத்து வீட்டுக்காரர் சொல்லித்தான், அவளுடைய தந்தையின் வேலை அனுமதி முடிந்து குடும்பமே நாகர்கோவிலுக்குத் திரும்பிவிட்டது எனக்குத் தெரிந்தது. வருகைப் பதிவேடு மிக ஒழுங்காக இருந்தது; பிள்ளைதான் இந்த ஊரிலேயே இல்லை. அன்றுமுதல், இரண்டு வாரம் தொடர்ந்து வராத பிள்ளையின் வீட்டுக்கு அந்த வகுப்பின் ஆசிரியரே தொலைபேசியில் பேச வேண்டும் என்று வைத்துக்கொண்டோம். ‘ஏன் வரவில்லை?’ என்று கேட்டால் பெற்றோர் கூசிப்போவார்கள். ‘பிள்ளைக்கு உடம்பு சரியாக இருக்கிறதா?’ என்று கேட்டால் மற்றதை அவர்களே சொல்லிவிடுவார்கள்.

அடுத்ததாக நேரத்தைப் பாருங்கள். ஆராதனைக்கு ஒரு மணி நேரம் முன்னதாக வகுப்பு வைத்தால், செங்காங்கிலிருந்து கைக்குழந்தையோடு பெருவிரைவு ரயிலில் வரும் தாய் எத்தனை மணிக்குச் சமையலை முடித்துப் புறப்பட வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். கட்டடத்தைப் பிற மொழிச் சபைகளோடு பகிர்ந்துகொள்ளும் சபைகளில் அறை கிடைப்பது கடினந்தான். ஆனாலும் முதல் இரண்டு பாடல்கள்வரை பிள்ளைகள் பெற்றோருடன் இருந்துவிட்டு, பிரசங்கம் தொடங்கும்போது எழுந்து வகுப்புக்குப் போகும் முறை பல இடங்களில் பயன் தந்திருக்கிறது.

1780ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் குளோஸ்டர் நகரில் ராபர்ட் ரெய்க்ஸ் என்ற பத்திரிகையாளர் ஞாயிறு பள்ளிகளை நடத்த முற்பட்டதற்குக் காரணம், வாரம் முழுவதும் வேலை செய்த ஏழைப் பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்க அந்த ஒரு நாள்தான் ஓய்வாகக் கிடைத்தது என்பதே. நம் பிள்ளைகளுக்கு ஆறு நாளும் எழுத்துதான். ஏழாம் நாளும் மேசை, நாற்காலி, பயிற்சித்தாள் என்றால் அவர்கள் முகத்தைச் சுளிக்காமல் வேறென்ன செய்வார்கள்? பாடநூல் வாங்கும் முன்பு அதையும் யோசியுங்கள்.

கேள்வி: என் இரண்டு பிள்ளைகளும் வீட்டில் ஆங்கிலமே பேசுகிறார்கள். ஞாயிறு பள்ளியில் எல்லாம் தமிழில் நடப்பதால் வாய் திறவாமல் உட்கார்ந்திருந்துவிட்டு வருகிறார்கள். ஆங்கிலத்தில் நடத்தக் கேட்டால், ‘அப்படியானால் தமிழ்ச் சபை எதற்கு?’ என்கிறார்கள் பெரியவர்கள். யார் சொல்வது சரி?
ஒரு தாய், பொங்கோல்

பதில்: பெரியவர்களின் அச்சத்தை நான் எளிதாகத் தள்ளிவிட மாட்டேன், சகோதரி. ஐந்தும் அதற்கு மேலும் வயதான குடியிருப்பாளர்களில் வீட்டில் பெரும்பாலும் ஆங்கிலம் பேசுவோர் 2010ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 32.3 விழுக்காடாக இருந்தனர், 2020இல் 48.3 விழுக்காடாகிவிட்டனர். அதே காலத்தில் தமிழ் 3.3இலிருந்து 2.5 விழுக்காட்டுக்கு இறங்கியது. பள்ளியில் தமிழ் ஒரு பாடம். பல பிள்ளைகளுக்கு அதற்கு வெளியே தமிழ் காதில் விழும் இடம் தாத்தா பாட்டி வீடும் சபையும்தான். அதையும் விட்டுவிட எனக்கு மனமில்லை.

ஆனால் எந்தத் தமிழ் என்று கேட்க வேண்டும். ஒரு ஞாயிறு, இருபத்துமூன்றாம் சங்கீதத்தின் முதல் வசனத்தை மனப்பாட வசனமாகக் கொடுத்திருந்தேன். தொடக்கநிலை மூன்றில் படிக்கும் பையன் ஒருவன் எழுந்து, கைகளைக் கட்டிக்கொண்டு, ‘கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார், நான் தாழ்ச்சியடைவேன்’ என்று கணீரென்று சொன்னான். ‘அடையேன்’ என்ற எதிர்மறை வினை அவன் காதில் ஒருநாளும் விழுந்ததில்லை. ‘அடைய மாட்டேன்’ என்றுதானே நாமும் வீட்டில் பேசுகிறோம்? தெரியாத சொல்லைத் தெரிந்த சொல்லாக மாற்றிக்கொண்டான், வசனத்தின் பொருள் தலைகீழாகிவிட்டது. வகுப்பில் ஒருவரும் சிரிக்கவில்லை என்பதுதான் என்னைச் சுட்டது; ஒருவருக்கும் அது தவறாகத் தோன்றவில்லை. ‘மேய்ப்பர் என்றால் யார்?’ என்று கேட்டேன். நெடுநேரம் யோசித்து, ‘மேய்ச்சுப் பார்க்கிறவர்’ என்றாள் ஒரு சிறுமி. ‘மேய்ச்சு’ என்றால் என்னவென்று அவளுக்கும் தெரியவில்லை. ஆட்டை பிரியாணியில் மட்டுமே சந்தித்த பிள்ளைகளிடம் நான் வேறென்ன எதிர்பார்த்தேன்?

சீர்திருத்தச் சபைகளில் பெரும்பாலும் வாசிக்கப்படும் தமிழ் வேதாகமம் 1871ஆம் ஆண்டில் முடிந்த ஹென்றி பவரின் மொழிபெயர்ப்பின் வழியில் வருவது. அதன் ஓசையைக் கேட்டு வளர்ந்தவள் நான். அதைக் குறைத்துப் பேச எனக்கு நா எழாது. எனினும், நூற்றைம்பது ஆண்டுக்கு முந்தைய நடையைப் பொருள் சொல்லாமல் எட்டு வயதுப் பிள்ளையிடம் நீட்டுவது வாசிப்பே தவிரக் கற்பித்தல் ஆகாது. எனவே நாங்கள் இப்போது கதையைப் பேச்சுத் தமிழிலேயே, பாட்டி சொல்வதுபோலச் சொல்கிறோம். மனப்பாட வசனம் மட்டும் வேதாகமத்தில் உள்ளபடியே, ஆனால் மிகச் சிறியதாக, ஒவ்வொரு சொல்லையும் பிரித்துக் காட்டிய பிறகு. பிள்ளை ஆங்கிலத்தில் கேள்வி கேட்டால், ‘தமிழில் கேள்’ என்று தடுப்பதில்லை. ஆசிரியர் அதற்கு எளிய தமிழில் பதில் சொல்கிறார், புரியாவிட்டால் ஆங்கிலத்திலும் ஒருமுறை சொல்கிறார். தடுக்கப்பட்ட பிள்ளை அடுத்த வாரம் கேள்வியே கேட்காது. பாடல்களுக்கு இந்தக் கவலையும் இல்லை. கையசைத்துப் பாடும் தமிழ்ப் பாடலை எந்தப் பிள்ளையும் மூன்று வாரத்தில் பிடித்துக்கொள்ளும்.

தமிழ்நாட்டிலிருந்து அண்மையில் வந்த குடும்பங்களின் பிள்ளைகள் அதே வகுப்பில் தமிழ் மளமளவென்று பேசுவார்கள். அவர்களை மெச்சி இவர்களை வெட்கப்படுத்தும் தவற்றை மட்டும் ஆசிரியர்கள் செய்யக்கூடாது. இருவரையும் இணைத்து ஒரு காட்சியை நடிக்கச் சொன்னால், யாரும் சொல்லாமலே ஒருவருக்கொருவர் சொல் எடுத்துக் கொடுப்பார்கள்.

1706இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய ஜெர்மானிய மிஷனெரி சீகன்பால்கு ஐயர், உள்ளூர்ப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித்தான் தமிழ் எழுத்தைக் கற்றார். போதிக்க வந்தவரே பிள்ளைகளின் மொழியைக் கற்க அவர்கள் நடுவே உட்கார்ந்தார் என்பதை உங்கள் சபைப் பெரியவர்களிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: மகன் இந்த ஆண்டு தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இ எழுதுகிறான். ஓராண்டு மட்டும் ஞாயிறு பள்ளியை நிறுத்தி வைக்கலாமா?
ஒரு தந்தை, தெம்பனிஸ்

பதில்: ஓராண்டுக்கு என்று நின்ற பிள்ளைகளில் திரும்பி வந்தவர்களை நான் விரல் விட்டு எண்ணிவிடுவேன். பன்னிரண்டு வயதில் விட்ட பழக்கத்தை உயர்நிலைப்பள்ளிக்குப் போன பிறகு தொடங்கச் சொல்வது யாருக்கும் எளிதன்று. ஆகஸ்டில் வாய்மொழித் தேர்வும் செப்டம்பர் இறுதியில் எழுத்துத் தேர்வும் தொடங்கும் அந்தச் சில வாரங்களுக்கு வேண்டுமானால் விடுப்புக் கேளுங்கள். எந்த ஆசிரியரும் மறுக்க மாட்டார். ஆசிரியர்களும் தொடக்கநிலை ஆறு பிள்ளைகளுக்கு வீட்டில் செய்யும் வேலை எதையும் கொடுக்காமல் இருப்பது நல்லது. தமிழ் வாய்மொழித் தேர்வில் உரையாடல் உண்டு என்பதையும், வாரந்தோறும் நாற்பது நிமிடம் தமிழில் பேசிப் பழகுவது அதற்கு உதவும் என்பதையும் சொல்லலாம். இதைச் சொல்லித்தான் ஒரு தந்தையைச் சம்மதிக்க வைக்க வேண்டியிருக்கிறதே என்று எனக்குச் சற்று வருத்தமும் உண்டு.

கேள்வி: வருகைக்குப் பரிசு கொடுத்தால் எண்ணிக்கை கூடுமா?
ஓர் ஆசிரியை, உட்லண்ட்ஸ்

பதில்: கூடும், பரிசு தீரும்வரை. ஞாயிறும் பேருந்து ஓட்டப் போகும் தந்தையின் பிள்ளைக்கு அந்தப் பரிசு ஒருபோதும் கிடைக்காது என்பதையும் நினைத்துப் பாருங்கள். பிறந்தநாளுக்கு எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுங்கள்.

கேள்வி: ஜூன் விடுமுறையில் விடுமுறை வேதாகமப் பள்ளி நடத்துகிறோம். எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் விளையாடும் பிள்ளைகளையும் அழைக்க விரும்புகிறோம். அவர்களில் பிற சமயத்தாரும் உண்டு. அழைப்பதில் தடை ஏதும் உண்டா?
இளையர் குழுவினர், சுவா சூ காங்

பதில்: பெற்றோரைக் கேட்காமல் ஒரு பிள்ளையையும் அழைக்காதீர்கள். நம் அரசமைப்புச் சட்டத்தின் 16ஆவது பிரிவு, தம் சமயம் அல்லாத வேறொரு சமயத்தின் போதனையைப் பெறும்படி எவரையும் கட்டாயப்படுத்த முடியாது என்றும், 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவரின் சமயத்தைத் தீர்மானிப்பவர் பெற்றோர் அல்லது பாதுகாவலர் என்றும் கூறுகிறது. சமய நல்லிணக்கத்தைக் காக்க 1990இலேயே தனிச் சட்டம் இயற்றிய நாடு இது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். உங்கள் தங்கையை மிட்டாய் கொடுத்து யாரோ வேறொரு வழிபாட்டுக்கு அழைத்துப் போனால் உங்கள் தாய்க்கு எப்படி இருக்கும்? ‘விளையாட்டும் கைவேலையும் உண்டு’ என்று மட்டும் எழுதி, வேதபாடம் உண்டு என்பதை மறைக்கும் அழைப்பிதழை நான் நேர்மையானதாகக் கருதவில்லை. என்ன நடக்கும் என்பதை முழுமையாக எழுதி, பெற்றோரின் கையொப்பம் பெறுங்கள். வர மறுக்கும் குடும்பத்திடம் மறுநாளும் அதே புன்னகையோடு பேசுங்கள்.

ஜூன் மாதத்தில் பல குடும்பங்கள் ஊருக்குப் போய்விடும். நான்கு வார விடுமுறையில் எந்த வாரம் பெரும்பாலோர் இங்கே இருப்பார்கள் என்பதை மார்ச் மாதத்திலேயே கேட்டு வையுங்கள்.

கேள்வி: எனக்கு இருபது வயது. நான்கு வயதுமுதல் பதினொரு வயதுவரை உள்ள பன்னிரண்டு பிள்ளைகளை ஒரே அறையில் தனியாகப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். ஒரு பையன் ஓடிக்கொண்டே இருக்கிறான், மற்றவர்களும் அவன் பின்னால் ஓடுகிறார்கள். என்னால் முடியவில்லை, ஆன்ட்டி. நான் விலகிவிடவா?
ஒரு மாணவி, ஜூரோங்

பதில்: விலக வேண்டாம், மா. தனியாகவும் இருக்க வேண்டாம். இந்தப் பத்தியை உன் போதகரிடமே காட்டு. பிள்ளைகளோடு ஒரு பெரியவர் மட்டும் மூடிய அறையில் இருக்கக்கூடாது. எப்போதும் இருவர் இருக்க வேண்டும், கதவு திறந்திருக்க வேண்டும். சிறு பிள்ளையைக் கழிப்பறைக்கு அழைத்துச் செல்வது யார் என்பதையும், வகுப்பு முடிந்ததும் எந்தப் பிள்ளையை யாரிடம் ஒப்படைப்பது என்பதையும் எழுதி வைத்திருக்க வேண்டும். இது பிள்ளைகளின் பாதுகாப்புக்கு மட்டுமின்றி உன் பாதுகாப்புக்கும் உரியது. வகுப்பில் எடுக்கும் படங்களைப் பெற்றோரின் இசைவு இல்லாமல் வாட்ஸ்அப் குழுவில் போடாதே. 2012ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் சபைகளையும் கட்டுப்படுத்தும்.

நான்கு வயதுக்கும் பதினொரு வயதுக்கும் ஒரே பாடம் பொருந்தாது. இரண்டாவது அறை இல்லையென்றால் அறையின் இரு மூலைகளில் பாய் விரித்து இரண்டு வட்டமாகப் பிரியுங்கள். பெரிய பிள்ளைகளில் இருவரைச் சின்னவர்களின் வட்டத்துக்கு உதவியாக அனுப்பு.

அந்தப் பையனைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம். காலையில் எப்போது சாப்பிட்டான், வகுப்புக்கு முன் எவ்வளவு நேரம் ஆராதனையில் அசையாமல் உட்கார வைக்கப்பட்டிருந்தான் என்று அவன் தாயிடம் கேட்டுப் பார். இரண்டு மணி நேரம் அடக்கி வைத்த கால்கள் கதவு திறந்ததும் ஓடத்தான் செய்யும். முதல் பத்து நிமிடம் எல்லாரையும் ஓட விடு, பிறகு கதை சொல்.

வரும் ஞாயிறு சகேயுவின் கதையை எடுத்துக்கொள். கூட்டத்தில் இயேசுவைப் பார்க்க முடியாத குள்ளமான அந்த மனிதன் முன்னால் ஓடிப்போய்க் காட்டத்தி மரத்தில் ஏறினான் அல்லவா? ஓடுவதும் ஏறுவதும் உள்ள கதை. சகேயுவாக நடிக்க அந்தப் பையனையே கூப்பிடு. அறையைச் சுற்றி ஒருமுறை ஓடிவந்து நாற்காலியில் ஏறி நிற்கட்டும். மற்றவர்கள் கூட்டம். ‘சீக்கிரமாய் இறங்கி வா’ என்று சொல்லும் குரல் உன்னுடையதாக இருக்கட்டும். நாற்காலியை மட்டும் இரண்டு கைகளாலும் நன்றாகப் பிடித்துக்கொள்.