புண், மூட்டு, ஜீன் ஊசி: இந்த மாதக் கடிதங்கள்

அப்பாவுக்கு வயது 64. கால் பெருவிரலுக்கு அடியில் எட்டு மாதமாக ஆறாத சர்க்கரைப் புண். ஜீன் தெரபி செய்தால் ஆறுமா? (விழுப்புரம்)

ஜீன் தெரபி என்றால் ஒரு மரபணுவை நம் செல்லுக்குள் செலுத்தும் சிகிச்சை. சர்க்கரைப் புண்ணுக்கென்று இந்தியாவில் ஒப்புதல் பெற்ற ஜீன் தெரபி எதுவும் இல்லை. முயற்சிகள் நடந்தன. பிடிஜிஎஃப் என்ற வளர்ச்சிக் காரணியின் மரபணுவை அடினோவைரஸில் ஏற்றி, கொலாஜன் ஜெல்லில் கலந்து புண்ணில் வைத்துப் பார்த்தார்கள். நாள்பட்ட புண்ணில் ஊறும் நொதிகள், வெளியிலிருந்து தடவும் புரதத்தைச் சீக்கிரமே சிதைத்துவிடும். அதனால் அங்குள்ள செல்லையே சில வாரம் அந்தப் புரதத்தைச் செய்ய வைக்கலாம் என்பது யோசனை. நல்ல யோசனைதான், ஆனால் மருந்துக்கடை வரை வரவில்லை. கடையில் கிடைக்கும் வளர்ச்சிக் காரணி ஜெல்லில் இருப்பது வெறும் புரதம். அது ஜீன் தெரபி அல்ல.

எட்டு மாதம் என்று எழுதியவர், காலில் ரத்த ஓட்டம் எப்படி என்று ஒரு வரி எழுதவில்லை. கணுக்கால் ரத்த அழுத்தத்தைக் கை அழுத்தத்தோடு ஒப்பிடும் ஏபிஐ பார்த்தீர்களா? பார்த்து 1.3-க்கு மேல் வந்திருந்தால் சந்தோஷப்படாதீர்கள். ரத்தக்குழாயில் சுண்ணாம்பு படிந்து இறுகினாலும் அப்படி வரும். கால்விரல் அழுத்தம் தனியாகப் பார்க்க வேண்டும். இரண்டாவது, பாத அழுத்தம். அந்த இடத்தில் ஊன்றி நடந்துகொண்டே இருந்தால் எந்த ஜீனும் காப்பாற்றாது. பாதம் முழுதும் ஒட்டி நிற்கும் காஸ்ட் (டோட்டல் கான்டாக்ட் காஸ்ட்) போட்டுப் பாரத்தை இறக்குகிறார்களா என்று கேளுங்கள். ஓட்டம், அழுத்தம், கிருமி. இந்த மூன்றையும் முடித்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.

சிசேரியன் தழும்பு ஜீன் சிகிச்சையில் மறையுமா? (கோவை)

மறையாது. தடித்திருந்தால் சிலிக்கோன் ஷீட் ஒட்டலாம். செலவும் குறைவு.

கணவருக்கு பர்ஜர் நோய் (கை, கால் ரத்தக்குழாய் அடைபடுவது), விரலில் புண். ஜப்பானிலும் ரஷ்யாவிலும் புது ரத்தக்குழாய் வளர்க்கும் ஊசி உண்டாமே? (ஈரோடு)

உண்டு என்பதும் சரி, இல்லை என்பதும் சரி. ரத்தக்குழாயை வளர்க்கும் விஇஜிஎஃப் என்ற காரணியின் மரபணுவைப் பிளாஸ்மிடாக (வட்ட வடிவ டிஎன்ஏ துண்டாக) நோயாளியின் காலுக்குக் கொடுக்கும் வேலையை 1994-இல் பாஸ்டனில் ஜெஃப்ரி இஸ்னர் தொடங்கினார். ரஷ்யா 2011-இல் அதே வகைப் பிளாஸ்மிட் ஒன்றுக்கு ஒப்புதல் தந்தது. ஜப்பான் 2019-இல் எச்ஜிஎஃப் என்ற இன்னொரு வளர்ச்சிக் காரணியின் மரபணு ஊசிக்கு நிபந்தனையோடு அனுமதி தந்தது. 2024-இல் அந்த நிறுவனமே முழு ஒப்புதல் கேட்ட மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. எஃப்ஜிஎஃப் என்ற மற்றொரு காரணியின் மரபணுவை வைத்து சுமார் 500 பேரிடம் நடந்த டமாரிஸ் ஆய்வில், மருந்து பெற்றவர்களும் வெற்று ஊசி பெற்றவர்களும் கால் இழந்ததில் வித்தியாசம் இல்லை. சின்ன ஆய்வில் மின்னியது பெரிய ஆய்வில் மங்கியது; இந்தத் துறையில் இது அடிக்கடி நடக்கிறது.

நம் நாட்டில் கால் ரத்த ஓட்டக் குறைவுக்கு அனுமதி பெற்ற ஸ்டெம்ப்யூசெல் ஊசி, செல் சிகிச்சை. ஜீன் தெரபி அல்ல. இரண்டையும் குழப்பாதீர்கள். அப்புறம், கணவர் சிகரெட்டை விட்டாரா? பர்ஜர் பற்றிக் கடிதம் எழுதிவிட்டு அதை எழுதாமல் விட்டால் நான் என்ன சொல்ல? ஒரு பீடிகூடக் கூடாது.

மூட்டுத் தேய்மானத்துக்கு ஒரு கிளினிக்கில் 'ஜீன் ஊசி' என்று ஒரு முழங்காலுக்கு ஒன்றரை லட்சம் கேட்கிறார்கள். கொரியாவில் அனுமதி பெற்றதாம். போடலாமா? (மதுரை)

மாதாமாதம் இதே கடிதம், ஊர் பெயர்தான் மாறுகிறது. ஊசியில் என்ன இருக்கிறது என்று யாரும் எழுதுவதில்லை, ஏனென்றால் யாரும் கேட்பதில்லை.

அந்தக் கொரியக் கதையைக் கேளுங்கள். இன்வோசா என்ற மருந்து. 2017-இல் தென்கொரியா அனுமதித்தது. சாதாரணக் குருத்தெலும்பு செல் மூன்று பங்கு, டிஜிஎஃப்-பீட்டா என்ற வளர்ச்சிக் காரணியின் மரபணு ஏற்றிய குருத்தெலும்பு செல் ஒரு பங்கு என்று லேபிள். மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் முழங்காலில் போட்டாயிற்று. 2019-இல் அமெரிக்க ஆய்வுக்காக செல்லின் மரபணு அடையாளத்தைச் சோதித்தபோதுதான் தெரிந்தது, மரபணு ஏற்றிய அந்த ஒரு பங்கு குருத்தெலும்பே இல்லை. சிறுநீரகத்திலிருந்து வந்த 293 என்ற ஆய்வக செல் வகை. ஆய்வகங்களில் வைரஸ் தயாரிக்கப் பயன்படுத்தும் செல் அது. அது பெருகும் சக்தியைக் கதிர்வீச்சால் அடக்கித்தான் கொடுத்தார்கள். இருந்தாலும் லேபிளில் ஒன்று, குப்பியில் ஒன்று! கொரியா அந்த வருடமே உரிமத்தை ரத்து செய்தது. அமெரிக்காவில் நிறுத்தி வைத்திருந்த ஆய்வுக்கு 2020-இல் மறுபடி அனுமதி கிடைத்தது. அது ஆய்வு, விற்பனை அல்ல.

அரசு அனுமதியும் தொழிற்சாலையும் இருந்த இடத்திலேயே குப்பியில் இருப்பது என்ன என்று வருடக்கணக்கில் தெரியவில்லை. மாடிப்படி ஏறினால் இடதுபக்கம் என்று விலாசம் சொல்லும் கிளினிக்கில் எப்படித் தெரியும்? என்னிடம் இப்படி வந்த ஒரு பில்லில் 'ரீஜெனரேட்டிவ் ஜீன் தெரபி' என்று அச்சிட்டிருந்தது. கீழே சிறிய எழுத்தில் இருந்த பொருள் பட்டியலில் ரத்தம் எடுக்கும் குழாய், சென்ட்ரிஃபியூஜ் கிட், லோக்கல் மரப்பு மருந்து. அதாவது பிஆர்பி. சொந்த ரத்தத்தைச் சுழற்றித் திரும்பப் போட்டதற்கு ஜீன் என்று பெயர், அந்தப் பெயருக்குத்தான் பணம்.

ஊசியில் எந்த மரபணு, அதைச் சுமந்து போகும் வெக்டர் எது, எந்த அனுமதி எண். எழுத்தில் வாங்குங்கள். தர மறுத்தால் எழுந்து வாருங்கள். அதுவரை தொடைத் தசைக்குப் பயிற்சி, எடைக் குறைப்பு. சலிப்பான பதில்தான், தெரியும்.

எங்கள் குழந்தைக்குத் தொட்டாலே தோல் கொப்பளிக்கும் நோய். ஜெல் வந்துவிட்டதாகச் சொல்கிறார்கள். (நாகர்கோவில்)

இந்த மாதம் வந்ததில் நல்ல செய்தி சொல்லக்கூடிய கடிதம் இது ஒன்றுதான். வைஜுவெக் என்ற ஜெல்லை அமெரிக்க எஃப்டிஏ 2023-இல் அனுமதித்தது. வலுவிழக்கச் செய்த ஹெர்பிஸ் வைரஸில் 7-ஆம் வகைக் கொலாஜனின் மரபணு. ஊசி கிடையாது. வாரம் ஒரு முறை, திறந்த புண்ணின் மேல் சுமார் ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் சொட்டுச் சொட்டாக வைத்துக் கட்டுவார்கள். ஆறு மாதத்தில் முழுதாக மூடியவை மூன்றில் இரண்டு பங்கு; வெற்று ஜெல்லில் ஐந்தில் ஒன்றுதான். இந்த வைரஸ் நம் மரபணுவுக்குள் போய் ஒட்டிக்கொள்வதில்லை, தோல் செல்லும் உதிர்ந்துகொண்டே இருக்கும். அதனால் திரும்பத் திரும்ப வைக்க வேண்டும்.

விலை ஆண்டுக்குச் சில லட்சம் டாலர். அதைவிட முக்கியம், இது அந்த 7-ஆம் வகைக் கொலாஜன் ஜீனில் கோளாறு உள்ள டிஸ்ட்ரோஃபிக் வகைக்கு மட்டும். மரபணுப் பரிசோதனை செய்து எந்த ஜீன் என்று தெரிந்துகொண்டீர்களா? கெராட்டின் ஜீனில் கோளாறு என்றால் இந்த ஜெல்லால் பயனில்லை.

வளர்ச்சிக் காரணி மரபணு என்றால் புற்றுநோயும் வளருமே? (திருச்சி)

நியாயமான பயம். புண் ஆற அந்த மரபணு சில வாரம் வேலை செய்தால் போதும் என்பதால், சீக்கிரம் அழியும் பிளாஸ்மிடோ அடினோவைரஸோதான் பெரும்பாலும் எடுக்கிறார்கள். ஜீன் அல்லாத பிடிஜிஎஃப் ஜெல்லுக்கே 2008-இல் அமெரிக்காவில் புற்றுநோய் எச்சரிக்கை போட்டார்கள். பிறகு கிடைத்த தரவைப் பார்த்து 2018-இல் எடுத்தார்கள். முன்பு புற்றுநோய் இருந்திருந்தால் மறைக்காதீர்கள். சர்க்கரையால் விழித்திரையில் புது ரத்தக்குழாய் முளைத்தவர்கள் விஇஜிஎஃப் பக்கமே போக வேண்டாம்.

மஞ்சள் சாப்பிட்டால் மரபணு புதுப்பிக்கப்படுமா? (சென்னை)

இல்லை. குழம்பு நன்றாக இருக்கும்.

வேலூரில் ஜீன் தெரபி செய்கிறார்களாம். என் டிஸ்க் விலகலுக்குச் செய்வார்களா? பணம் எவ்வளவு? (தருமபுரி)

வேலூர் சிஎம்சி 2024-இல் வெளியிட்டது ஹீமோஃபீலியா-ஏ நோயாளிகள் ஐந்து பேரின் ஆய்வு. ரத்தம் உறையாத நோய் அது. முதுகுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. உங்கள் நோய்க்கு இந்தியாவில் ஏதாவது ஆய்வு நடக்கிறதா என்று மருந்து ஆய்வுகளைப் பதியும் சிடிஆர்ஐ (CTRI) பதிவேட்டில் இலவசமாகத் தேடலாம். ஆய்வு மருந்துக்குப் பங்கேற்பவரிடம் காசு வாங்கக் கூடாது. வாங்கினால் அது ஆய்வு இல்லை, வியாபாரம். அங்கேயும் அதே கேள்விதான்: ஊசியில் என்ன இருக்கிறது? எழுத்தில்.