ஓவன்ஸ் ஏரித் தண்ணீர் எங்கே போனது?

கேள்வி: லாஸ் ஏஞ்சல்ஸில் இருக்கும் மகன் எங்களை டெத் வேலிக்குக் காரில் கூட்டிப்போனான். வழியில் லோன் பைன் என்ற சின்ன ஊருக்குத் தெற்கே, உப்புப் பூத்த பெரிய வெட்டவெளி. மேப்பில் அதற்கு 'ஓவன்ஸ் ஏரி' என்று பெயர். தண்ணீர் எங்கே போனது?
– வாசகி, மதுரை

பதில்: லாஸ் ஏஞ்சல்ஸ் வீடுகளின் குழாய்களுக்குப் போனது அம்மா.

நீங்கள் பார்த்தது கலிஃபோர்னியாவின் இன்யோ கவுண்டி, நம் ஊர்க் கணக்கில் ஒரு மாவட்டம். பரப்பு 26,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல். ஜனத்தொகையோ 2020 கணக்குப்படி வெறும் 19,016. மேற்கு எல்லையில் 4,421 மீட்டர் உயர விட்னி சிகரம். கிழக்கே கடல்மட்டத்துக்கு 86 மீட்டர் கீழே பேட்வாட்டர் பள்ளம். மலையில் உருகும் பனி ஓவன்ஸ் ஆறாக ஓடி அந்த ஏரியில் சேரும். 1870களில் செரோ கோர்டோ சுரங்கத்து வெள்ளிப் பாளங்களை நீராவிப் படகில் ஏற்றி அக்கரை சேர்த்திருக்கிறார்கள் என்றால் ஏரி எவ்வளவு பெரிதாக இருந்திருக்கும், பாருங்கள்.

1905 வாக்கில் லாஸ் ஏஞ்சல்ஸின் முன்னாள் மேயர் ஃப்ரெட் ஈட்டன் அங்கே நிலம் வாங்க ஆரம்பித்தார். மத்திய அரசின் பாசனத் திட்டத்துக்குத்தான் வாங்குகிறார் என்று நம்பி விற்ற விவசாயிகள் பலர். நிலத்தோடு தண்ணீரும் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துக்குக் கைமாறியது. 1913 நவம்பர் 5 அன்று நகரத்தின் பொறியாளர் வில்லியம் முல்ஹாலண்ட் கட்டிய கால்வாய் திறக்கப்பட்டது. ஏறத்தாழ 375 கிலோமீட்டர், ஒரு பம்ப்கூட இல்லாமல் சரிவிலேயே தண்ணீர் ஓடுகிறது. பொறியியலாக அது பெரிய சாதனைதான். ஆனால் 1926க்குள் ஏரி வற்றிவிட்டது.

ஊர்க்காரர்கள் சும்மா இருக்கவில்லை. 1924 நவம்பரில் அந்தக் கால்வாயின் அலபாமா மதகைக் கைப்பற்றித் தண்ணீரை மறுபடி ஆற்றுப்பக்கம் திருப்பிவிட்டார்கள். குடும்பம் குடும்பமாக வந்து சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு சில நாள் அங்கேயே இருந்தார்கள். போராட்டத்தை முன்நின்று நடத்திய சகோதரர்கள் இருவரின் வங்கி 1927இல் மூடியது. கையாடல் வழக்கில் இருவரும் சிறைக்குப் போனார்கள், ஊரார் சேமிப்பும் போயிற்று. அதோடு எதிர்ப்பு ஓய்ந்தது. ஏரித் தரையில் அங்கங்கே ஈரத் திட்டுகளைக் கவனித்திருப்பீர்கள். காய்ந்த தரையிலிருந்து கிளம்பும் புழுதியை அடக்க, 2001க்குப் பிறகு நகரமே அங்கே தண்ணீர் தேக்க வேண்டியதாயிற்று. அந்த ஆழமில்லாத நீருக்குப் பறவைகளும் திரும்பி வந்துவிட்டன.

கேள்வி: மறுநாள் ஜப்பானிய அமெரிக்கர்களை அடைத்துவைத்த மான்சனார் முகாமைப் பார்த்தோம். அங்கே பேரி மரங்கள் நிற்கின்றனவே, அவர்கள் நட்டவையா?
– அதே வாசகி

பதில்: நல்ல கேள்வி. பழைய மரங்கள் அவர்களுக்கு முந்தியவை. 1910இல் மான்சனார் ஒரு பழத்தோட்ட ஊர். ஆப்பிளும் பேரியும் விளைந்தன. நகரம் அந்த நிலத்தையும் வாங்கியது, 1929க்குள் ஊர் காலி. இரண்டாம் உலகப்போரின்போது, 1942இல், அதே இடத்தில் முள்வேலி எழுந்தது. 1945 வரை பதினோராயிரம் பேருக்கு மேல் உள்ளே இருந்தார்கள். கவனிப்பாரற்று நின்ற மரங்களைக் கவாத்து செய்து, தண்ணீர் பாய்ச்சிக் காய்க்க வைத்தவர்கள் அவர்கள்தான். எந்தக் குற்றமும் செய்யாமல் அடைபட்டவர்கள் செய்த வேலை அது.

அதற்கும் முந்திய கதை ஒன்று உண்டு, அதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். அந்த மண் பையூட் என்ற பூர்வகுடி மக்களுடையது. ஓடைகளிலிருந்து வாய்க்கால் வெட்டி, நம் கோரைக்கிழங்குக்கு உறவான ஒரு கிழங்குக்கு அவர்கள் நீர் பாய்ச்சினார்கள். 1863இல் ராணுவம் சுமார் ஆயிரம் பேரை மலை தாண்டி ஃபோர்ட் டெஹோன் என்ற ராணுவ முகாமுக்கு நடத்திச் சென்றது. தப்பித் திரும்பியவர்களின் வழிவந்தோர் பிஷப், பிக் பைன், லோன் பைன் ஊர்களில் இன்றும் வாழ்கிறார்கள். மத்திய அரசும் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரமும் செய்துகொண்ட 1939 நில மாற்று ஒப்பந்தத்தில் அவர்களுடைய தண்ணீர் உரிமை பிறகு பார்க்கலாம் என்று தள்ளிவைக்கப்பட்டது. அது இன்னும் தீரவில்லை. என்னைக் கேட்டால், இன்யோவின் முதல் வழக்கு அதுதான்.

அடுத்த தடவை போனால் இண்டிபெண்டன்ஸ் ஊரில் ஈஸ்டர்ன் கலிஃபோர்னியா மியூசியத்துக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள் அம்மா. பையூட் பெண்கள் பின்னிய கூடைகளை அங்கே பக்கத்தில் நின்று பார்க்கலாம்.