ஃபிஷ் ரிப்போர்ட் வரட்டும், அப்புறம் மஞ்சளை விக்கலாம்

கேள்வி: கோபி பக்கம் விவசாயம்ங்க. சம்சாரத்துக்கு 48 வயசு, மார்புக் கட்டி, பயாப்சில கேன்சர்னு வந்திருச்சு. ஈஆர், பிஆர் பாசிட்டிவ், ஹெர்2 2+னு இருக்கு. டாக்டர் ஃபிஷ் டெஸ்ட் எடுக்கோணும்ங்கறாரு, மச்சான் ஜீன் டெஸ்ட்டும் சேத்து எடுங்கறாரு. குடோன்ல மஞ்சள் கெடக்குது, ஏலச்சீட்டு ஒண்ணு பாதில ஓடுது. எதைத் தொடறது? புது இன்சூரன்ஸ் போடலாங்களா?

பதில்: இப்போதைக்கு எதையும் விக்காதீங்க, ஆனா ஃபிஷ் டெஸ்ட்டை மட்டும் நாளைக்கேன்னாலும் எடுத்துருங்க. ஈஆர், பிஆர் பாசிட்டிவ்னா கட்டி ஹார்மோனால வளருதுனு அர்த்தம். ஹெர்2ங்கறது கட்டியை வேகமா வளர வைக்கற ஒரு புரதம், அது 0, 1+னா நெகட்டிவ், 3+னா பாசிட்டிவ், 2+ ரெண்டுலயும் சேராதுங்க, ஃபிஷ் (கட்டி செல்லுல ஹெர்2 ஜீன் கூடுதலா இருக்கானு பாக்கற டெஸ்ட்) தான் அதைத் தீத்து வைக்கும். உங்க செலவு ரெண்டாப் பிரியறதே அந்த எடத்துல தான். பாசிட்டிவ்னா பொதுவா கீமோவோட ஹெர்2வைத் தடுக்கற டிராஸ்டுசுமாப் ஊசி, 3 வாரத்துக்கு ஒண்ணுன்னு ஒரு வருசம் ஓடும், பெரிய பணம் (நம்ம நாட்டுலயே பண்ற பயோசிமிலர், அதாவது அதுக்கு இணையான மருந்து இருக்கு, கேட்டு வாங்குங்க). நெகட்டிவ்னா ஆபரேசன் போக முக்கியமா ஹார்மோன் மாத்திரை, 5 வருசமாவது சாப்பிடோணும், டமாக்ஸிஃபென்னா வெலை கம்மி தான். கீமோ வேணுமாங்கறது தனிக் கேள்வி.

அந்தக் கேள்விக்குத் தான் மச்சான் சொல்ற ஜீன் டெஸ்ட், அது கட்டியோட ஜீனைப் பாக்கறது. ஹெர்2 பாசிட்டிவ்னு வந்துட்டா அது தண்டச் செலவுங்க, நெகட்டிவ்னு வந்தாலும் "ரிசல்ட்டைப் பாத்து ட்ரீட்மென்ட்டை மாத்துவீங்களா"னு டாக்டரைக் கேட்டுட்டு பணம் கட்டுங்க. ரத்தத்துல பாக்கற பிராக்கா டெஸ்ட் வேற, பரம்பரையா வருதானு பாக்கறது, 50 வயசுக்குள்ள வந்திருக்கறதால டாக்டர் சொன்னா தட்டாதீங்க, பொண்ணு இருந்தா அவளுக்கும் ஆகும்.

பணத்துக்கு இப்ப சொசைட்டில சின்னதா நகைக்கடன் போதும். சீட்டை அவசரத்துல தள்ளி எடுத்தா கழிவுலயே நெறைய போயிரும், பாசிட்டிவ்னு வந்தா அப்ப எடுங்க, மஞ்சளும் அப்ப தான். அதுக்காக வெலை ஏறட்டும்னு வைத்தியத்தை ஒத்திப் போட்றாதீங்க, நம்மூர்ல அந்தப் பழக்கம் நெறைய.

குடும்ப வருசாந்திர வருமானம் 1,20,000 ரூபாய்க்குள்ள இருந்தா முதலமைச்சர் காப்பீட்டு அட்டைல வருசத்துக்கு 5 லட்சம் வரைக்கும் கெடைக்கும், அட்டை செல்லுபடியாகற ஆஸ்பத்திரியானு ஆபரேசனுக்கு முன்னாடியே பாருங்க. பயாப்சி சதையை மெழுகுல பதிச்சு வச்சிருக்கற பிளாக்கை லேப்ல கேட்டு வாங்குங்க, ஃபிஷ்க்கு அதையே அனுப்பலாம், மறுபடி குத்தத் தேவையில்ல.

புது பாலிசி வேண்டாங்க, ஏற்கனவே இருக்கற நோய்க்கு 3 வருசம் வரைக்கும் காத்திருக்கச் சொல்லுவாங்க, மறைச்சுப் போட்டா கிளெய்ம் நிக்காது.