பொற்கொல்லருக்கு நான்கு ஒலிம்பிக் பட்டம், உங்கள் மகனுக்கு ஒரு வருடம்

ஜேர்மனியின் ஹம் நகரிலிருந்து போன கிழமை ஒரு தாயும் தகப்பனும் என்னிடம் யோசனை கேட்டு வந்தார்கள். மகனுக்குப் பத்தொன்பது வயது. ஜிம்னாஸ்டிக்ஸ் செய்கிறான், மல்யுத்தம் பழகுகிறான், சனிக்கிழமைகளில் கிளப்பில் சின்னப் பிள்ளைகளுக்குக் குட்டிக்கரணம் சொல்லிக் கொடுக்கிறான். அபிட்டூர் எனும் பள்ளி இறுதித் தேர்வில் எடுத்த புள்ளி ஜேர்மனியில் மருத்துவத்துக்குப் போதாது, அவனுக்கு அதில் விருப்பமும் இல்லை. தேர்த் திருவிழாவில் கண்ட உறவுகள் எல்லாருக்கும் ஒரே பேச்சு: "மருத்துவம் படிக்க ஹங்கேரிக்கு அனுப்புங்கோ, கடன் எடுத்தாலும் பரவாயில்லை." தாய் கேட்டார்: "நாலு பக்கமும் ஓடுறான், எப்ப ஒன்றில நிற்பான்?"

பயப்படாதீர்கள் என்று ஆறுதல் சொல்லத் தொடங்கினேன். இரண்டு வசனத்தோடு நிறுத்திவிட்டேன். அக்கா, நீங்கள் பயப்பட வேண்டியது அந்தக் கடனுக்குத்தான்.

நாலு பக்கமும் ஓடிய ஒருவரின் கதையைக் கேளுங்கள். உங்கள் ஊரிலிருந்து ரயிலில் அரை மணி நேரத்தில் மூன்ஸ்டர். 1869இல் கார்ல் ஷூமான் பிறந்தது அங்கேதான். தொழில் பொற்கொல்லர். 1896இல் ஒலிம்பிக்குக்கு ஏதென்ஸ் போனபோது வயது 26. ஜிம்னாஸ்டிக்ஸில் குதிரை தாண்டுதலில் முதலிடம், சமாந்தரச் சட்டத்திலும் கிடைச் சட்டத்திலும் அணியோடு முதலிடம். (கிடைச் சட்டத்தில் எதிரணியே இல்லை, அதையும் மறைக்கக் கூடாது.) அப்புறம் மல்யுத்தம். பாரம் தூக்குவதில் வென்றிருந்த லான்செஸ்டன் எலியட், ஷூமானைவிட எவ்வளவோ பெரிய ஆள். அவரைச் சடுதியில் சாய்த்தார். கிரேக்கர் ட்சிட்டாஸோடு இறுதிப் போட்டி இருட்டும் வரை முடியவில்லை. அடுத்த நாள் தொடர்ந்து வென்றார். பாரம் தூக்குதல், குண்டு போடுதல், நீளம் பாய்தல், முப்பாய்ச்சல் எல்லாவற்றிலும் கலந்துகொண்டார், அவற்றில் வெற்றி இல்லை. அந்த ஒலிம்பிக்கில் அவரைவிட அதிகப் பட்டம் எடுத்தவர் யாருமில்லை. முதலிடத்துக்குக் கொடுத்தது வெள்ளிப் பதக்கம்தான், பணம் இல்லை.

இந்தப் பயணத்தை அன்றைய ஜேர்மன் ஜிம்னாஸ்டிக்ஸ் சம்மேளனம் எதிர்த்தது. போனவர்களைத் திரும்பி வந்ததும் தண்டித்தது. உங்கள் தேர்த் திருவிழா உறவுகளை அந்தச் சம்மேளனத்தோடு ஒப்பிடுவது கொஞ்சம் அதிகம்தான். ஆனால் ஷூமானின் கையில் ஒரு தொழில் இருந்தது, மனதில் எங்கே போக வேண்டும் என்ற தெளிவும் இருந்தது. உங்கள் மகனிடம் இரண்டாவது இருக்கிறது. முதலாவதைக் கட்ட வேண்டும்.

அதற்கு யாரும் கவனிக்காத ஒரு வழி இருக்கிறது: விளையாட்டுக் கிளப்பில் தன்னார்வ ஆண்டு. பிள்ளைகள் இதை எஃப்.எஸ்.யொட் என்பார்கள். 27 வயதுக்குள் சேரலாம், பெரும்பாலும் 12 மாதம். கைச்செலவுக்குப் பணம் தருவார்கள், சமூகக் காப்புறுதி உண்டு, பிள்ளைக்காக அரசு உங்களுக்குத் தரும் குழந்தைப் பணமும் நிற்காது. 25 கருத்தரங்கு நாட்கள் இருக்கும். பல இடங்களில் பயிற்றுநர் உரிமத்தையும் அந்த வருடத்திலேயே எடுக்கலாம். காலையில் பள்ளிப் பிள்ளைகள், மாலையில் கிளப், இடையில் கணக்கு, பட்டியல், பெற்றோரின் முறைப்பாடு. சொல்லிக் கொடுப்பது உண்மையிலேயே இவனுக்குப் பிடிக்குமா என்பது நவம்பர் மழையில் தெரிந்துவிடும்.

பிடித்தால் கொலோன் விளையாட்டுப் பல்கலைக்கழகம். உள்ளே போவதற்கு ஒரு தகுதித் தேர்வு: ஓட வேண்டும், நீந்த வேண்டும், ஜிம்னாஸ்டிக்ஸ் சட்டத்தில் ஏற வேண்டும், பந்து விளையாட வேண்டும், கடைசியில் நீண்ட ஓட்டம். ஒன்றில் மட்டும் கெட்டிக்காரன் அங்கே திணறுவான். நாலு பக்கமும் ஓடுறான் என்கிறீர்களே, அந்த வாசல் அவனுக்காகவே வைத்தது போல இருக்கிறது. படிப்புக் கட்டணம் இல்லை, செமஸ்டர் பங்களிப்பு மட்டும்.

ஹங்கேரியில் மருத்துவத்துக்கு ஆண்டுக்கு 10,000 யூரோவுக்கு மேல், ஆறு ஆண்டுகள், சாப்பாடு வாடகை தனி. விருப்பமே இல்லாத பிள்ளைக்கு. அந்த வங்கிப் படிவத்தில் கையெழுத்து வைக்காதீர்கள். உறவுகளில் யாராவது ஒரு மாமாவுக்கு அவ்வளவு ஆசை என்றால் கடனை அவர் பெயரில் எடுக்கச் சொல்லுங்கள்.

தம்பி, நீ இந்தக் கிழமையே உன் பயிற்றுநரிடம் போய் எஃப்.எஸ்.யொட் இடம் இருக்கிறதா என்று கேள். கோடை முடியும்போது வேலை தொடங்கும், இடங்கள் அதற்கு முன்பே நிரம்பிவிடும்.